பிறர் சமயம் பற்றி நாம் கூறும் சாட்சியம்

பெரும் பாவங்கள் யாவை என்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு நாள் தம் தோழர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்கள். இறைவனுக்கு இணை வைத்தலையும் பெற்றோரை வருத்துதலையும் சாய்ந்து அமர்ந்தவண்ணம் கூறிய பெருமானார், அடுத்ததைக் கூறுமுன் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பொய்ச் சாட்சியத்தைக் குறித்து எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கையையே மீண்டும் மீண்டும் மொழிந்தார்கள். இனி நிறுத்திக்கொள்ள மாட்டார்களா என்று தோழர்கள் எண்ணும் அளவுக்கு அது தொடர்ந்தது என்று ஹதீஸ் நூல்கள் தெரிவிக்கின்றன.

பொய்ச் சாட்சியம் என்றவுடன் நீதிமன்றமும் சாட்சிக் கூண்டும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அயலார் எதை நம்புகிறார், எதை வணங்குகிறார் என்று நாம் மேடையிலும் திண்ணையிலும் பேசுகிறோமே, அதுவும் ஒரு சாட்சியம் அன்றோ? அவர் நம்பாத ஒன்றை அவர் நம்புவதாகக் கூறிவிட்டால் அந்தப் பழி யாரைச் சேரும்? இக்கேள்வியை என் உள்ளத்தில் எழுப்பியவர் ஒரு சமணப் பெரியவர்.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர், வந்தவாசியை அடுத்த சிற்றூர் ஒன்றில் நடைபெற்ற மீலாது விழாவில் உலகச் சமயங்களைப் பற்றி உரையாற்ற என்னை அழைத்திருந்தார்கள். மதரஸாவில் ஓதிய நாளில் திரட்டிய குறிப்புகளை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசினேன். கூட்டம் முடிந்ததும் முதியவர் ஒருவர் என்னை அணுகினார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவ்வட்டாரத்தில் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் தமிழ்ச் சமணர்களுள் ஒருவர். “ஹஜரத் அவர்கள் தவறாக நினைக்கக் கூடாது. உலகைப் படைத்த கடவுளாக நாங்கள் மகாவீரரை வணங்குவதாகச் சொன்னீர்கள். உலகை ஒருவர் படைத்தார் என்பது எங்கள் கொள்கை அன்று. உலகம் தொடக்கமும் முடிவும் இல்லாதது என்பதே எங்கள் சமயம். பிறவி வெள்ளத்தைக் கடக்கத் துறை அமைத்துத் தந்தவர்களையே தீர்த்தங்கரர் என்கிறோம். மகாவீரர் அவர்களுள் இருபத்து நான்காமவர்” என்று மெல்லிய குரலில் கூறினார்.

நான் நாணிப்போனேன். அவருடைய கொள்கையை நான் ஏற்கவில்லை, ஏற்கவும் இயலாது. படைத்தவன் ஒருவன் உளன் என்பதே என் ஈமானின் அடித்தளம். ஆனால், கொள்கையில் வேறுபடுவது பிழை அன்று. அவர் நம்பாத ஒன்றை, ஊரார் முன்னிலையில், அவர் சமயத்தின் பெயரால் கூறியதே நான் செய்த பிழை.

அல்பீரூனி காட்டிய வழி

இத்தகைய பிழை நேராமல் காத்துக்கொள்ளும் முறையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கையாண்ட முஸ்லிம் பேரறிஞர் ஒருவர் உண்டு. அவர் 973ஆம் ஆண்டில் குவாரிஸ்ம் நாட்டில் பிறந்த அபூ ரைஹான் அல்பீரூனி. இந்திய மக்களின் சமயம், தத்துவம், வானியல், பழக்கவழக்கங்கள் ஆகியன பற்றி அவர் அரபு மொழியில் எழுதிய பெருநூல் 1030ஆம் ஆண்டளவில் உருவாயிற்று. அது பகை மூண்டிருந்த காலம். கஸ்னி மன்னர் மஹ்மூதின் படையெடுப்புகள் இந்நாட்டின் செழிப்பைக் குலைத்தன என்பதையும், இங்குள்ளோரின் உள்ளத்தில் முஸ்லிம்கள் மீது வெறுப்பை வளர்த்தன என்பதையும் அவர் ஒளிக்காமல் எழுதினார்.

இந்தியரின் சமயங்களைப் பற்றி அதற்கு முன்னர் எழுதப்பட்டவை பெரும்பாலும் ஒருவர் எழுதியதை மற்றவர் பெயர்த்து எழுதியவையே என்பது அவருடைய குறை. எனவே, அவர் சமஸ்கிருதம் கற்றார்; பண்டிதர்களிடம் கேட்டறிந்தார்; சாங்கிய நூல் ஒன்றையும் பதஞ்சலியின் யோக நூலையும் அரபியில் ஆக்கினார். தம் நூல் வாதிட்டு வெல்வதற்கு எழுந்த நூல் அன்று, அவர்கள் கூறுவதை அவர்கள் கூறியவாறே எடுத்துரைப்பது என்று முன்னுரையில் அறிவித்தார். எந்தச் சமூகத்திலும் கற்றோரின் கொள்கை வேறு, பாமரரின் எண்ணம் வேறு என்பதையும் உணர்த்தினார். ஒரு சமயத்தின் கற்றோரை மற்றொரு சமயத்தின் பாமரரோடு ஒப்பிட்டுப் பெருமை பேசுவோர்க்கு இது நல்ல பாடம்.

ஒரு சொல், பல பொருள்

தமிழ் பேசும் நமக்கு இந்த எச்சரிக்கை மிகவும் தேவை. பல சமயத்தாரும் இங்கே ஒரே மொழியைப் பேசுகிறோம். சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றே என்று மயங்கிவிடுகிறோம்.

தர்மம் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வழக்கில் ஏழைக்கு இடும் ஈகையும் தர்மமே. இந்து சமய நூல்களில் அது அறத்தையும், அவரவர்க்கு உரிய கடமையையும், உலகைத் தாங்கும் ஒழுங்கையும் குறிக்கிறது. பௌத்தர்க்கு, புத்தர் போதித்த நெறியே தம்மம். புத்தம், தம்மம், சங்கம் ஆகிய மூன்றையும் அவர்கள் சரணடைகின்றனர். சமணத் தத்துவத்திலோ, அறம் என்னும் பொருளோடு முற்றிலும் வேறான மற்றொரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. உயிரும் சடப்பொருளும் இயங்குவதற்குத் துணை நிற்கும் ஒரு தத்துவத்தை அவர்கள் தர்மம் என்கின்றனர். மீன் நீந்துவதற்கு நீர் துணையாவதை அதற்கு உவமை கூறுவர். அவை ஓரிடத்தில் நிலைத்து நிற்பதற்குத் துணையாவது அதர்மம். அவ்விடத்தில் அதர்மம் என்பதற்குப் பாவம் என்று பொருள் கொண்டால் நூல் முழுவதும் பிறழ்ந்துவிடும்.

வினை என்ற சொல்லும் அவ்வாறே. சமணர்க்கு அது உயிரின் மீது படிந்து அதனைக் கட்டும் நுண்ணிய பொருள். பௌத்தத்தில் செயலுக்குப் பின்னுள்ள எண்ணமே வினையின் உயிர்நாடி. சைவ சித்தாந்தத்தில் வினை தானாகப் பயன் தருவதில்லை. அதன் பயனை உயிர்க்குக் கூட்டுவிப்பவன் இறைவன்.

வீடுபேறு என்றால் எல்லோரும் ஒன்றையே நாடுகின்றனர் என்று கூறுவாரும் உளர். அத்வைதிக்கு, தன் ஆன்மாவும் பிரமமும் வேறன்று என்று உணர்வதே வீடு. இராமானுசர் வழி வந்த வைணவர்க்கு, வைகுந்தத்தில் திருமாலுக்கு என்றென்றும் தொண்டு செய்து வாழ்வது வீடு. சமணர்க்கு, வினை முற்றும் நீங்கிய உயிர் உலகின் உச்சியை அடைந்து அளவிறந்த அறிவோடு நிலைபெறுவது வீடு. பௌத்தரோ நிலையான ஆன்மா என ஒன்று உண்டு என்பதையே ஒப்புவதில்லை. ஆசை, வெறுப்பு, மயக்கம் என்னும் தீ அணைந்த நிலையே அவர்கள் கூறும் நிர்வாணம். அதனைச் சுவர்க்கம் என்று நாம் மொழிபெயர்த்தால், அவர்கள் கூறாததைக் கூறியவர்கள் ஆவோம்.

குரு என்பவர் நமக்கு ஆசிரியர். கத்தோலிக்கர் பூசை நிறைவேற்றும் தம் பாதிரியாரைக் குரு என்பர். சீக்கியரின் குருமார், 1469ஆம் ஆண்டில் பிறந்த குரு நானக் முதல் 1708ஆம் ஆண்டில் மறைந்த குரு கோவிந்த் சிங் வரை பதின்மர். அவர்களுக்குப் பின் குரு கிரந்த சாஹிப் என்னும் திருநூலே அவர்களுக்கு நிலையான குருவாகும்.

மூன்று சமயங்கள், ஒரு பட்டம்

இப்ராஹீம் நபி (அலை) அவர்களைத் தம் முன்னோராகப் போற்றும் மூன்று சமயங்களிலும் இதனைக் காணலாம். எபிரேய மொழியில் மாஷியாஹ், கிரேக்கத்தில் கிறிஸ்தோஸ், அரபியில் அல்மஸீஹ் என்பன ஒரே பட்டத்தைக் குறிக்கும் சொற்கள். எண்ணெயால் திருநிலைப்படுத்தப்பட்டவர் என்பது எபிரேயச் சொல்லின் பொருள். பண்டைய இஸ்ரவேலரின் அரசர்களும் குருக்களும் அவ்வாறே திருநிலைப்படுத்தப்பட்டனர். தாவீதின் வழியில் அப்பட்டத்துக்கு உரிய மனிதர் இனித்தான் வருவார் என்று மரபு வழி யூதர் காத்திருக்கின்றனர். அவர் வந்துவிட்டார், அவரே மனிதராய்ப் பிறந்த இறைமகன், சிலுவையில் உயிர் நீத்து உயிர்த்தெழுந்து மனிதரின் பாவத்தைப் போக்கினார் என்பது கிறிஸ்தவரின் விசுவாசம். மர்யம் (அலை) அவர்களுக்குத் தந்தையின்றிப் பிறந்த ஈஸா நபியே அல்மஸீஹ், அவர் இறைத்தூதரே அன்றி இறைமகன் அல்லர் என்பது நம் ஈமான். பட்டம் ஒன்று, நம்பிக்கை மூன்று.

கிறிஸ்தவர் மூன்று கடவுளரை வணங்குகின்றனர் என்று நம்மவர் சிலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். அக்கூற்றைக் கிறிஸ்தவரே மறுப்பர். தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்பதே 325ஆம் ஆண்டில் நிசேயாவிலும் 381ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய திருச்சபைப் பேரவைகளின் வழியே அவர்கள் வரையறுத்துக்கொண்ட கொள்கை. தவ்ஹீத் என்னும் ஏகத்துவம் அதனை ஏற்பதில்லை. ஏற்காததற்கான காரணத்தை நாம் தாராளமாக எடுத்துரைக்கலாம். ஆயினும், அவர்கள் கூறுவதை முதலில் சரியாகக் கூறிவிட்டு, அதன் பின்னரே மறுக்க வேண்டும். பகைமை உள்ள இடத்திலும் நீதி தவறலாகாது என்பது திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் நமக்கு விதிக்கும் கடமை.

நம் சொற்களுக்கு நேர்ந்தவை

பிறர் நம் சொற்களைத் திரித்துக் கூறும்போது நமக்கு எவ்வளவு வருத்தம் உண்டாகிறது! வெள்ளையர் ஆட்சிக் காலத்து ஆவணங்களில் நம்மை முகம்மதியர் என்று எழுதினார்கள். நாம் முஹம்மத் (ஸல்) அவர்களை வணங்குவதாக அப்பெயர் எண்ண வைத்தது. நாமோ அவர்களை இறைவனின் அடியாராகவும் தூதராகவும் மட்டுமே ஏற்றுச் சான்று பகர்கிறோம்.

பத்வா என்றவுடன் தலைக்கு விலை வைக்கும் ஆணை என்று பலர் எண்ணுகின்றனர். இறந்தவரின் சொத்தில் மகளுக்குரிய பங்கு யாது, இந்நகைக்கு ஜகாத் உண்டா என்பன போன்ற வினாக்களுக்கு முஃப்தி அளிக்கும் மார்க்க விளக்கமே பத்வா. அதனை ஒருவர் மீது சட்டமாகத் திணிக்க இயலாது என்பதை 2014ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியுள்ளது. சுன்னத் என்றாலே விருத்தசேதனம்தான் என்று நம் வீடுகளிலேயே நினைப்போர் உண்டு. நபிகளார் காட்டிய வழிமுறை முழுவதும் சுன்னத்தே; விருத்தசேதனம் அதில் ஒரு பகுதி.

நம் சொல்லுக்கு நாமே பொருள் கூற வேண்டும் என்று விரும்புகிறோம். அந்த உரிமையைப் பிறர்க்கும் அளிப்பதே நீதி. மதீனாவில் யூதர்களோடு நிகழ்ந்த கடிதப் போக்குவரத்துக்காக, அவர்களுடைய எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு இளைஞர் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பெருமானார் பணித்தார்கள். அரைத் திங்களுக்குள் அவர் அதனைக் கற்றுத் தேர்ந்தார். பிறர் கூறுவதை அவர்தம் மொழியிலேயே அறிய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ? மனிதரைப் பல இனத்தவராகவும் கூட்டத்தவராகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று திருமறையின் 49ஆம் அத்தியாயம் உணர்த்துகிறது.

மறு ஆண்டு அதே ஊரில், அதே மேடையில், முந்தைய ஆண்டு நான் கூறியது தவறு என்று ஒப்புக்கொண்டு, சமணரின் கொள்கையை அப்பெரியவர் எனக்கு விளக்கியவாறே எடுத்துரைத்தேன். கூட்டத்தின் நடுவே அமர்ந்திருந்த அவர், ஆம் என்று தலையசைத்தார். ஒருவருடைய சமயத்தைப் பற்றி நாம் பேசும்போது, அவரே கேட்டு அவ்வாறு தலையசைக்கும்படி பேச வேண்டும் என்று அன்று முதல் நான் முயன்று வருகிறேன்.

அதன் பின்னர் அவர் மறையும் வரை நாங்கள் பலமுறை சந்தித்தோம். தொழுகைக்கும் துஆவுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் என்னிடம் கேட்டறிந்தார். ஒருமுறை, “எங்கள் துறவியர் உறைந்த இடத்துக்கும் பள்ளி என்றே பெயர், நான் பாடம் சொன்ன இடமும் பள்ளி, நீங்கள் தொழும் இடமும் பள்ளி. உள்ளே நடப்பதை உள்ளே இருப்பவரிடம்தானே கேட்க வேண்டும்?” என்றார்.

அறியாததைப் பேசாமலும், அறிந்ததைத் திரிக்காமலும், அயலாரைப் பற்றி உண்மையான சாட்சியம் கூறும் நல்லியல்பை அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.