காலைப் பலகாரத்தில் சுண்ணாம்பு!

தூத்துக்குடியில் உங்களுக்குப் பிடித்த ஓட்டலில் இட்லி சாப்பிடும்போது, பக்கத்தில் இருக்கும் காரச் சட்னியை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அதில் அரைபட்டிருக்கும் மிளகாய் வத்தலும் தக்காளியும் 550 ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவிலேயே கிடையாது. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். நம் வத்தல் மிளகாயின் முன்னோரைப் பயிராக்கியவர்கள் மெக்சிகோ மக்கள். மிளகாயை இந்தியாவுக்குக் கப்பலில் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர். முத்துக்கு ஆசைப்பட்டு நம் கடற்கரைக்கு வந்தவர்களும் அவர்கள்தான்.

சரி, மெக்சிகோவில் காலையில் என்ன சாப்பிடுவார்கள்? சிலாகீலெஸ் என்றொரு பலகாரம் அங்கே ரொம்பப் பிரபலம். டார்ட்டியா என்னும் மக்காச்சோள ரொட்டியைத் துண்டுபோட்டுப் பொரிப்பார்கள். மிளகாயும் தக்காளியும் சேர்த்து அரைத்த குழம்பில் அதைப் புரட்டி, மேலே பாலாடைக்கட்டி தூவுவார்கள். தொட்டுக்கொள்ள முட்டை, மசித்த பீன்ஸ். கேட்கும்போதே நாக்கு ஊறுகிறதா? எனக்கு அதைவிடப் பிடித்தது, அந்த ரொட்டிக்குள் இருக்கும் சுண்ணாம்பு வேதியியல்!

நம் விளாத்திகுளம் கரிசலில் விளையும் மக்காச்சோளத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோல் எவ்வளவு தடிப்பு! அப்படியே மாவாக்கித் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மெல்லிய ரொட்டியாகத் தட்ட வராது, விண்டுபோகும். அதனால் மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிடுவார்கள். சுண்ணாம்பு ஒரு காரப்பொருள். அது தோலைப் பிடித்திருக்கும் பசையைக் கரைத்துவிடும். காலையில் கழுவினால் தோல் கழன்று வரும். அரைத்த மாவும் ஒட்டிக்கொள்ளும்.

இன்னும் பெரிய நன்மை ஒன்று உண்டு. சோளத்தில் உள்ள நயாசின் என்ற வைட்டமினை நம் குடலால் எளிதில் பிரித்தெடுக்க முடியாது. சுண்ணாம்பு அதை விடுவித்துக் கொடுக்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் எடுத்துப்போனார்கள், இந்தப் பக்குவத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலி ஏழைகளைப் பெலாக்ரா என்ற கொடிய நோய் பிடித்தது. தோல் வெடித்தது, புத்தி தடுமாறியது, பலர் இறந்தார்கள். மெக்சிகோப் பாட்டிகளின் சமையல் அறிவு எவ்வளவு உயர்ந்தது, பாருங்கள்!

அங்கே சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிறார்கள். நம் கடற்கரையில் சிப்பியைக் காளவாசலில் இட்டுச் சுட்டார்கள். இரண்டும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். முத்தின் பெரும்பகுதியும் அதுவே! சூளைச் சூட்டில் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் பட்டதும் அது கொதித்து நீறும்.

அந்த வாயுவை நீங்களே பார்க்கலாம். கரையில் கிடக்கும் சிப்பித் துண்டை எலுமிச்சைச் சாற்றில் போடுங்கள். குமிழி குமிழியாகக் கிளம்புவது கரியமில வாயுதான். ஆனால் சுட்ட சுண்ணாம்பை மட்டும் தொடவே தொடாதீர்கள். தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும்.