பன்னிரண்டரைக்கு முன் படுக்காதீர்கள்

தூக்கம் கேட்டுத்தான் அந்த மருத்துவரிடம் போனேன். அவரோ இருக்கிற தூக்கத்திலும் கை வைத்தார்.

இரண்டு வாரமாக நான் எழுதிவந்த நோட்டை மேசையில் விரித்துக் கணக்குப் போட்டார். இரவு 10 மணிக்குப் படுக்கை. காலை 6.30-க்கு எழுந்திருத்தல். ஆக, படுக்கையில் கிடந்தது எட்டரை மணி நேரம். அதில் தூங்கியது சராசரியாக ஐந்தேகால் மணி நேரம். நூற்றுக்கு 62. “பாஸ் மார்க் 85 சார்” என்று சிரித்துவிட்டு ஒரு சீட்டில் எழுதினார்: படுக்கும் நேரம் இரவு 12.30, எழும் நேரம் காலை 6.00. மாத்திரைப் பெயர் எதையும் காணோம்.

“பத்து மணிக்குப் படுத்தே தூக்கம் வரல. பன்னிரண்டரைக்குப் படுத்தா எப்படிங்க டாக்டர் வரும்?”

“பத்து மணிக்குப் படுக்கிறதாலதான் வரல.”

வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தாள். “ராத்திரி முழிச்சிருங்கன்னு சொல்லவா இவ்வளவு ஃபீஸ்?”

என் கதை ஒரு வருடம் பழையது. அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். ராத்திரித் துணைக்கு நான். வராந்தா பெஞ்சில் சாய்ந்தபடி அவர் முனகினால் எழுவது, நர்ஸ் கூப்பிட்டால் ஓடுவது என்று கோழித் தூக்கமாகவே அந்த நாட்கள் போயின. அதில் வியப்பில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் தூங்குவார்கள். ஆனால் அப்பா தேறி வீட்டுக்கு வந்தார், வாக்கரை மூலையில் சாத்தினார், கோயில் வரைக்கும் நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். என் தூக்கம் மட்டும் அந்த வராந்தாவிலேயே தங்கிவிட்டது.

தூங்குவதற்கு நேரமும் இடமும் இருந்தும், வாரத்தில் 3 இரவாவது தூக்கம் கெட்டு, அதனால் மறுநாள் பகலும் கெட்டு, இது 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். அது ஏன் நீடிக்கிறது என்ற கேள்விக்கு நல்ல பதில் ஒன்று சொன்னவர் ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1980-களில் அவர் மூன்று காரணங்களைப் பிரித்துக் காட்டினார். சிலருக்கு இயல்பிலேயே லேசான தூக்கம், அது ஒன்று. நோய், சாவு, வேலை போனது என்று ஏதோ ஒரு சம்பவம் தூக்கத்தைக் கலைக்கிறது, அது இரண்டு. மூன்றாவதுதான் விஷயமே. கலைந்த தூக்கத்தை ஈடுகட்டுவதற்காக நாம் செய்கிற காரியங்கள். பற்றவைத்த தீக்குச்சி எப்போதோ அணைந்திருக்கும், விறகை நாமே தள்ளிக்கொண்டிருப்போம்.

என் விறகுக் கணக்கு இது: “சீக்கிரம் படுத்தால் கொஞ்சமாவது கிடைக்கும்” என்று பத்து மணிக்கே விளக்கை அணைப்பது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வரை போர்வைக்குள் கிடப்பது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம். அந்த மந்தத்தைப் போக்க நாலு மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு ஃபில்டர் காபி. எல்லாம் நியாயமாகத்தான் பட்டது.

தூக்கத்துக்கும் பசி உண்டு. காலையில் எழுந்ததிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, தூங்கினால் தணிகிறது. இதுபோக, ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் கடிகாரம் ஒன்றும் மூளைக்குள் ஓடுகிறது. பசியும் கடிகாரமும் ஒரே வேளையில் கூடினால்தான் நல்ல தூக்கம் என்ற விளக்கத்தை 1982-இல் முன்வைத்தார் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பேய். மூன்று மணிக்குப் பகல் தூக்கம் போட்டுவிட்டு இரவில் தூக்கம் வரவில்லை என்பது, சாயங்காலம் நாலு பஜ்ஜியைத் தின்றுவிட்டு ராத்திரி பசிக்கவில்லை என்று புலம்புகிற மாதிரிதான்.

காபி செய்கிற வேலை இன்னும் தந்திரமானது. மூளை உழைக்க உழைக்க அடினோசின் என்ற பொருள் அதில் சேருகிறது. அது நரம்பணுக்களின் மேல் தனக்கென்று இருக்கிற இருக்கையில் உட்கார்ந்தால் நமக்குக் கண் சொருகும். காஃபீன் முன்னாலேயே ஏறி அந்த இருக்கையில் துண்டு போட்டு வைத்துவிடுகிறது. பசி அப்படியேதான் இருக்கும், நமக்குத் தெரியாது. குடித்த காஃபீனில் பாதி உடலைவிட்டு வெளியேற சராசரியாக 5 மணி நேரம் ஆகும் என்பதால், என் நாலு மணிக் காபியில் பாதி ஒன்பது மணிக்கும் எனக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

மருத்துவர் எழுதித் தந்த சீட்டு ஸ்பீல்மனும் சகாக்களும் 1987-இல் எழுதிய வைத்தியத்தை ஒட்டியதுதான். உண்மையில் தூங்கும் நேரம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் படுக்கைக்கு அனுமதி. எக்காரணம் கொண்டும் 5 மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. எழும் நேரம் மாறக் கூடாது. படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கத் தொடங்கினால், வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டித் தருவார்கள், சம்பள உயர்வு மாதிரி. கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? முதல் வாரம் நரகம். பத்தரைக்குச் சோபாவில் தலை தொங்கும். எழுந்து நின்றுகொண்டே சட்டைகளை அயர்ன் செய்தேன். அந்த வாரம் பைக்கைத் தொடாமல் பஸ்ஸில் போனேன். அதுவும் மருத்துவர் உத்தரவு. வலிப்பு உள்ளவர்கள், இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் சிக்கலுக்குச் சிகிச்சை எடுக்காதவர்கள், லாரியோ கிரேனோ ஓட்டிப் பிழைப்பவர்கள் இதைத் தாமாகச் செய்து பார்க்கவே கூடாது.

அந்த வாரம்தான் ஒன்றைக் கவனித்தேன். சோபாவில் கண் இழுக்கும். மணியாகிவிட்டது என்று படுக்கையறைக்குள் நுழைந்து தலையணையில் தலை வைத்த கணம், யாரோ டியூப்லைட் போட்டதுபோல் மூளை பளிச்சென்று விழித்துக்கொள்ளும். பல மாதங்களாக நான் படுக்கையில் செய்து பழகியது கவலைப்படுவது, கணக்குப் பார்ப்பது, போனை நோண்டுவது. மெத்தையைக் கண்டதும் உடம்பு அந்த வேலைக்குத் தயாராகிவிடுகிறது. பாவ்லோவின் நாய்க்கு மணியோசை எப்படியோ எனக்கு மெத்தை அப்படி. இதை உடைக்க 1972-இலேயே வழி சொன்னவர் உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின். தூக்கம் கண்ணைக் கட்டினால் மட்டும் படு. கால் மணி, இருபது நிமிடம் போனதாகத் தோன்றியும் வரவில்லையா, எழுந்து வேறு அறைக்குப் போய்விடு. சலிப்பான வேலை ஏதாவது செய். மறுபடி கண் இழுத்தால் திரும்பி வா. எத்தனை முறையானாலும் சரி.

சலிப்பான வேலைக்கு நான் எங்கே போவது? புத்தகம் எடுத்தால் விடிந்துவிடும். மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். ஹாலில் ஜீரோ வாட் விளக்கடியில் ஒரு தட்டு நிறைய மலைப்பூண்டு வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். இரண்டு மணிக்குப் பூண்டு உரித்துப் பாருங்கள். பத்தாவது பல்லில் நகக்கண் எரியும், இருபதாவது பல்லில் கொட்டாவி வரும்.

தூங்கியே தீர வேண்டும் என்று முயல்வதுதான் தூக்கத்துக்குப் பெரிய பகை. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் சகாக்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், சிலரைப் படுக்கவைத்துக் காதில் ராணுவ பேண்டு இசையை ஓடவிட்டார்கள். சீக்கிரம் தூங்குங்கள் என்று அவசரப்படுத்தப்பட்டவர்கள், எப்போது தோன்றுகிறதோ அப்போது தூங்குங்கள் என்று விடப்பட்டவர்களைவிடத் தாமதமாகத் தூங்கினார்கள். தூக்கமில்லாதவனுக்கு அவன் மண்டையே பேண்டு வாத்தியம். “இப்ப தூங்கினாலும் நாலு மணி நேரம், இப்ப தூங்கினாலும் மூணே முக்கால்” என்று நானே எனக்கு ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரம் ஹாலுக்குப் போனது, போன் அலமாரிக்குள் போனது. தூக்கத்துக்கு மார்க் போடும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மகனிடம் கொடுத்தேன். அந்த மார்க்கைப் பார்த்துப் பார்த்தே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்களுக்கு ‘ஆர்த்தோசோம்னியா’ என்று 2017-இலேயே ஆய்வாளர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் காலை, “ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கமில்ல” என்றேன்.

“ரெண்டு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்தேன். உங்க குறட்டை ஹால் வரைக்கும் கேட்டுச்சு” என்றாள் மனைவி.

இருவர் சொன்னதும் பொய்யில்லை. மூளை அலைகளைப் பதிவுசெய்யும் ஆய்வுக்கூடங்களில் இது அடிக்கடி நடக்கிறது. கருவியில் பல மணி நேரத் தூக்கம் பதிவாகியிருக்கும். படுத்திருந்தவர் கண்ணே மூடவில்லை என்று சத்தியம் செய்வார். தூங்கும்போதும் மூளையின் ஒரு பகுதி காவல் வேலையை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதே காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். இதைச் சொல்லி யாரையும் “நீ நடிக்கிறாய்” என்று மடக்கக் கூடாது, களைப்பு நிஜமானது. குறட்டையை அசட்டை செய்வதும் தவறு. முதல் நாளே மருத்துவர் என்னைவிட என் மனைவியிடம்தான் அதிகம் விசாரித்தார். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறுகிறேனா, காலை உதறிக்கொண்டே இருக்கிறேனா என்றெல்லாம். அப்படி இருந்திருந்தால் வைத்தியமே வேறு.

மாத்திரை? கேட்காமல் இருப்பேனா. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வெரோனால் என்ற பெயரில் வந்த பார்பிட்டாலிலிருந்து இந்தத் தேடல் நடக்கிறது. பார்பிட்யூரேட்டுகள் தூக்கம் தந்தன, அளவு மீறினால் உயிரையும் எடுத்தன. 1960-இலிருந்து பென்சோடயசெபைன் குடும்பம் வந்தது. நம் ஊர்ச் சீட்டுகளில் அடிக்கடி தென்படும் அல்ப்ரசோலம் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. பிறகு சோல்பிடெம். இதை விழுங்கிவிட்டுத் தூக்கத்திலேயே எழுந்து நடந்தவர்கள், கார் ஓட்டியவர்கள் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் இந்த வகை மருந்துகளின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. இந்தியாவில் அல்ப்ரசோலமும் சோல்பிடெமும் எச்-1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். மாத்திரையே கூடாது என்று நான் வாதாட மாட்டேன். சாவு வீட்டு வாரத்தில் சில நாட்களுக்கு அது பெரிய ஆறுதல். மாதக்கணக்கில் தொடர்ந்தால்தான் வம்பு. பழகியதைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை இரட்டிப்பாகத் திரும்பி வரும், படிப்படியாக மருத்துவர்தான் குறைக்க வேண்டும். படுக்கை நேரக் குறைப்பு, பூட்சின் விதி, தூக்கம் பற்றிய பயங்களைப் பேசித் தெளிதல் எல்லாம் சேர்ந்த நடத்தைச் சிகிச்சையைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. என்ன, மாத்திரை எழுதித் தர ஒரு நிமிடம் போதும். இதைச் சொல்லித் தர நாலைந்து வாரம் ஒருவர் கூடவே உட்கார வேண்டும்.

வீட்டு வைத்தியத்தில் நான் விடாமல் பிடித்துக்கொண்டது வெந்நீர்க் குளியல். மே மாதச் சென்னையில் வெந்நீரா என்று கேட்பீர்கள். தூங்கப்போகும்போது உடலின் உள்வெப்பம் சற்றுக் குறைய வேண்டும். வெதுவெதுப்பான நீர் பட்டதும் கை கால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து, அந்த வழியாக உள்சூடு வெளியேறுகிறது. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு 40 முதல் 42.5 டிகிரி நீரில் 10 நிமிடம் குளித்தாலே தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் எழுதினார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் கண் சொக்குவதற்கு எண்ணெயைவிட வெந்நீருக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் ஊகம். இன்னொன்று, மறுநாள் வேலைகளை ஐந்து நிமிடம் தாளில் எழுதிவைப்பது. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகம் 2018-இல் 57 இளைஞர்களிடம் பார்த்ததில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்பே தூங்கிவிட்டார்கள். சின்ன ஆய்வுதான். செலவு ஒரு தாள்.

இரண்டாவது வார நோட்டில் 88 மார்க். தூங்கிய மணி நேரம் முன்பைவிடக் குறைவுதான், ஆனால் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே இழுப்பாக இருந்தது. மருத்துவர் 15 நிமிடம் கூட்டினார். பிறகு இன்னொரு 15. ஒரு வாரம் சறுக்கியது, அதே நேரத்திலேயே நிற்கச் சொன்னார். இப்போது பதினொன்றே காலுக்குப் படுக்கிறேன், ஆறு மணிக்கு எழுகிறேன். மாதத்தில் மூன்று நான்கு இரவுகள் இன்னும் கையை விட்டுப் போகின்றன. போனால் ஹாலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன வாரம் மனைவி ஊறுகாய் போடுவதற்கென்று அரைக் கிலோ பூண்டு வாங்கித் தட்டில் வைத்திருந்தாள். இரண்டு நாள் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் காலை காபியை நீட்டியபடி கேட்டாள், “இன்னிக்கு ஒரு ராத்திரியாவது முழிச்சிருந்து இதை உரிச்சுக் குடுத்துடறீங்களா?”