ஜைத்தூன் தோப்புகளின் ஊடே ஒரு மிதிவண்டிப் பாதை

பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்தோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்குமாறு அருள்மறை ஓரிடத்தில் அன்று, பல இடங்களில் மாந்தரை அழைக்கின்றது. அந்த அழைப்பை ஏற்றுப் புறப்படுவோர்க்கு எல்லா ஊர்தியும் ஒன்றல்ல. விரைவு ரயிலில் செல்பவன் ஊர்ப் பெயர்ப் பலகையைக்கூடப் படிப்பதற்கில்லை. மிதிவண்டியில் செல்பவனோ மண்ணின் மேடு பள்ளத்தைத் தன் முழங்காலால் அறிகிறான். ஊற்று எங்கே, நிழல் எங்கே என்று தேடுகிறான். ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படிக்கிறான். ஒரு காலத்தில் அந்தலுஸ் என்று அழைக்கப்பெற்ற தென் ஸ்பெயினை இவ்வாறு காண்பதற்கென்றே அமைந்ததுபோல் ஒரு பாதை இருக்கிறது.

எண்ணெய் ரயில் சென்ற வழி

ஹாயேன் நகரிலிருந்து புவென்தே ஹெனில் என்னும் ஊர் வரை 128 கிலோமீட்டர் நீளமுள்ளது அப்பாதை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜைத்தூன் எண்ணெயை ஏற்றிச் செல்ல அங்கே ஓர் இருப்புப் பாதை போடப்பட்டது. மக்கள் அதனை எண்ணெய் ரயில் என்றே அழைத்தனர். 1980களில் ரயில் நின்றது. தண்டவாளங்கள் அகற்றப்பட்டு, நடப்போருக்கும் மிதிவண்டியோருக்குமான பசுமை வழியாக அது மாற்றப்பட்டது. ரயில் செங்குத்தாக ஏறாது. ஆதலால் இவ்வழியும் மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. பள்ளத்தாக்குகளின்மீது பழைய இரும்புப் பாலங்கள் இன்றும் நிற்கின்றன. பழைய நிலையக் கட்டிடங்கள் சில உணவகங்களாக மாறியுள்ளன.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை அலை அலையாய்க் குன்றுகள். குன்றுகள்மீது வரிசை பிறழாத ஜைத்தூன் மரங்கள். ஹாயேன் மாநிலத்தில் மட்டும் 6 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் உள்ளன. கோடை வெயில் 40 பாகையைத் தாண்டுமாதலால் இளவேனிலும் இலையுதிர் காலமுமே மிதிவண்டிக்கு ஏற்ற பருவங்கள்.

இறைவன் சத்தியமிட்டுக் கூறிய கனியல்லவா ஜைத்தூன்! இறையொளிக்கு உவமை கூறுமிடத்தும் அதன் எண்ணெயே எடுத்தாளப்படுகிறது. அந்த மரங்களின் ஊடே செல்லும்போது ஒரு முஸ்லிமின் நெஞ்சில் எழும் உணர்வைச் சொல்லவும் வேண்டுமோ?

நாவில் வாழும் மொழி

நம் இல்லங்களில் ஜைத்தூன் எண்ணெய் என்கிறோம். ஸ்பானியர் எண்ணெயை 'அஸெய்த்தே' என்றும், அக்காயை 'அஸெய்த்துனா' என்றும் சொல்கின்றனர். இரண்டும் அரபு மொழியின் 'அஸ்ஸைத்', 'அஸ்ஸைத்தூனா' என்பவையே. எண்ணெய் பிழியும் ஆலை 'அல்மஸாரா'. அதுவும் அரபுச் சொல்லே. வாய்க்கால் 'அஸேக்கியா'; அது 'அஸ்ஸாக்கியா'. ஊர்த் தலைவர் 'அல்கால்தே'. அவர் வேறு யாருமல்லர், நம் 'அல்காஜி'தாம். அம்மண்ணின் பேராறு குவாதல்கிவிர்; அதாவது 'அல்வாதி அல்கபீர்'. ஒன்று நிறைவேற வேண்டுமென்று ஆசைப்படும் ஸ்பானியக் கிழவி 'ஓஹலா' என்று பெருமூச்செறிகிறாள். அல்லாஹ் நாடினால் என்னும் பொருளுடைய அரபுத் தொடரிலிருந்து பிறந்த சொல் அது. சொல்பவள் அதனை அறியாள். சொல் மட்டும் வாழ்கிறது.

வழியிலுள்ள ஊர்கள்

பாதையின் நடுப்பகுதியில், செங்குத்தான பாறையின்மீது கோட்டையும், அதனை ஒட்டி வெள்ளையடித்த வீடுகளுமாக ஸுயேரோஸ் என்னும் சிற்றூர் தோன்றுகிறது. பாறை என்று பொருள்படும் 'ஸக்ரா' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது அவ்வூரின் பெயர். அதன் கோட்டை முஸ்லிம்கள் எழுப்பியது.

அடுத்து வருவது காப்ரா. முவஷ்ஷஹ் என்னும் புதிய பாவகையைத் தொடங்கிவைத்தவர் என்று பழைய நூலோர் குறிப்பிடும் முகத்தம் இப்னு முஆஃபா இவ்வூரைச் சேர்ந்தவர். அவ்வகைப் பாடல்களின் இறுதி அடிகள் பொதுமக்களின் பேச்சு மொழியில் அமைந்தன; அரபுக் கவிதையின் முடிவில் உள்ளூர்ப் பெண்களின் மொழி கலந்து ஒலித்தது.

அதற்கப்பால் லுசேனா. முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் அது யூதர்கள் பெருகி வாழ்ந்த நகரம். புவியியலறிஞர் அல்இத்ரீஸி அதனை யூதர்களின் நகரமென்றே குறித்துள்ளார். அவர்களுடைய புகழ்பெற்ற மறைக்கல்விக் கூடம் அங்கே நடைபெற்றது. பிற சமயத்தவர் தம் மறையைத் தாமே கற்பிக்கும் உரிமையுடன் வாழ்ந்த அக்காலம் நெடுங்காலம் நீடிக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. பின்வந்த முவஹ்ஹிதீன்களின் ஆட்சியில் அவ்வுரிமை பறிபோயிற்று.

இதே லுசேனாவில்தான் 1483ஆம் ஆண்டு கிரனாடாவின் கடைசி சுல்தான் அபூஅப்துல்லாஹ் போரில் தோற்றுச் சிறைப்பட்டார். பகைவர் வாயிலில் நின்ற வேளையில் தந்தையும் மகனும் அரியணைக்காக மோதிக்கொண்டிருந்தனர். அடுத்த 9 ஆண்டுகளில், 1492இல், கிரனாடா வீழ்ந்தது. கிலாபத் 1031இல் சிதறிச் சிற்றரசுகளான நாளிலேயே அந்த வீழ்ச்சிக்கு வித்திடப்பட்டுவிட்டது. சகோதரர்களைப் பிரித்த கை எதுவென்று தேடிக்கொண்டு வெளியே செல்ல வேண்டியதில்லை.

போனவரும் நின்றவையும்

1609ஆம் ஆண்டு மூன்றாம் பிலிப் மன்னனின் ஆணை பிறந்தது. முஸ்லிம்களின் வழிவந்து, வலுக்கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கப்பட்டவர்களும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பது அவ்வாணை. 1614ஆம் ஆண்டிற்குள் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் கப்பலேற்றப்பட்டனர். தாம் நட்ட மரத்தை விட்டு, வெட்டிய வாய்க்காலை விட்டுச் சென்றார்கள். துனீசியாவிலும் மொராக்கோவிலும் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் உள்ளனர்.

ஆனால் வாய்க்கால் போகவில்லை. இப்பாதைக்குத் தென்கிழக்கே, சியர்ரா நெவாடா மலையில், பனி உருகும் நீரை மேட்டிலேயே மறித்து நுண்துளைகள் உள்ள நிலத்தில் பாய்ச்சும் கால்வாய்கள் இருக்கின்றன. அந்நீர் மண்ணுக்குள் மெதுவாக இறங்கி, கோடையில் கீழேயுள்ள ஊர்களில் ஊற்றாகப் பெருகும். அணையுமில்லை, எந்திரமுமில்லை. மலையே அங்கு நீர்த்தேக்கம்! முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட அந்த மலையூர்களில், புதிதாகக் குடியேறியவர்க்கு நீர் பாய்ச்சும் முறையைக் கற்பிப்பதற்காக ஊருக்கு இரண்டு முஸ்லிம் குடும்பங்களை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. ஆளை வேண்டாதவருக்கும் அவருடைய அறிவு வேண்டியிருந்தது!

நம் காலத்தில் அக்கால்வாய்கள் பல தூர்ந்து போயின. மழை பொய்த்து வறட்சி நீடிக்கவே, கிரனாடா பல்கலைக்கழகத்தாரும் உழவர்களும் தொண்டர்களும் மண்வெட்டியுடன் ஒன்றுகூடி 2014 முதல் அவற்றைத் தூர்வாரி வருகின்றனர். அவர்களில் மிகப் பலர் முஸ்லிம்கள் அல்லர். ஆயிரமாண்டுக்கு முன் ஒரு முஸ்லிம் வெட்டிய வாய்க்காலை இன்று ஒரு கிறிஸ்தவர் தூர்வாருகிறார். அதன் நீரை ஆடும் பறவையும் அருந்துகின்றன.

சிந்திக்க வேண்டிய செய்தி

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. உண்பவன் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் வரையறுக்கவில்லை. நட்டவரின் பெயர் நிலைக்க வேண்டும் என்றும் நிபந்தனையில்லை.

அந்தலுஸைப் பற்றி எழுதவும் பேசவும் தொடங்கினால் நாம் இரண்டே காரியங்களைச் செய்கிறோம். ஒன்று, மாளிகைகளைச் சொல்லி மார்தட்டுகிறோம். அல்லது இழந்ததைச் சொல்லிக் கண்ணீர் வடிக்கிறோம். அம்மாளிகைகளை இன்று காசு கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெயர் தெரியாத உழவன் வெட்டிய வாய்க்காலோ காசில்லாமல் இன்றும் ஓடுகிறது. அரசர்களின் பெயர்கள் கல்லில் உள்ளன. உழவர்களின் சொற்கள் நாவில் உள்ளன. எது நிலைத்தது?

மிதிவண்டிப் பயணி மாலையில் ஓர் ஊற்றருகே இறங்குகிறான். 80 கிலோமீட்டருக்கும் மேல் வந்துவிட்டான். அவன் முஸ்லிமாயின் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழும் சலுகை அவனுக்கு உண்டு. உளூச் செய்யக் குனிகையில், ஓடும் ஆற்றின் கரையிலிருந்தாலும் நீரை வீணாக்காதீர் என்ற நாயக வாக்கின் பொருள் அவனுக்கு அன்று புரிந்திருக்கும். அந்நீருக்குப் பின்னால் எத்தனை தலைமுறையின் உழைப்பு!

அவன் அந்த நாட்டுக்கு விருந்தினன். அன்று அங்கு வாழ்ந்தவர்களும் இவ்வுலகில் விருந்தினர்களே. நாமும் அவ்வாறே. நாம் சென்ற பின், நம்மை அறியாத ஒருவன் தாகத்துடன் வந்து நிற்கும்போது, அவனுக்காக நாம் விட்டுச் சென்றது என்ன? இந்த வினாவை ஒவ்வோர் இல்லமும் இவ்வெள்ளியன்று தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். பெயரை எதிர்பாராது நன்மையை நடும் கைகளை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.