ஏடில்லா ஆட்டம்

முதலியார்பேட்டைப் பஞ்சாலையில் முன்னாளில் ஓடிய விசைத்தறியை எண்ணிப் பாருங்கள். நாடா எப்போது பாய வேண்டும் என்பதை அதற்கு எந்த ஏடும் கூறவில்லை. சக்கரங்களின் அமைப்பே கூறிற்று.

1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனத்தார் வெளியிட்ட 'பாங்' என்னும் திரையாட்டமும் அத்தகையதே. ஆலன் ஆல்கார்ன் என்னும் பொறிஞர் ஆக்கிய அப்பொறியில் நுண்செயலியும் இல்லை, நிரலும் இல்லை. எண்ணும் சுற்றுகளும், 'உம்', 'அல்லது', 'அன்று' எனத் தீர்ப்புரைக்கும் வாயில்களும் இணைந்தே பந்தையும் மட்டையையும் திரையில் வரைந்தன.

பிற்கால ஆட்டங்களின் நிரலைச் சுவடியைப் போலப் படியெடுத்து, செயலியைப் போன்று நடிக்கும் மென்பொருளில் ஓட்டிவிடலாம். பாங்குக்கோ படியெடுக்க ஏடே இல்லை. பழம்பொறிகளோ பழுதுற்று அருகி வருகின்றன. ஆதலின் கணிப்பொறி ஒவ்வொரு வாயிலையும் தனித்தனியே நடித்துக் காட்ட வேண்டும். 'டைஸ்' என்னும் மென்பொருள் அவ்வாறு செய்வது. பாங்கின் கடிகாரம் நொடிக்கு 70 இலட்சம் முறைக்கு மேல் துடிப்பது! எளிய ஆட்டத்துக்கு வலிய கணிப்பொறி வேண்டுவது இதனாலேயாம்.

புதிதாக ஒரு நிரல் எழுதிப் பந்தை ஓட்டினால் ஆகாதோ எனின், ஆகாது. பாங்கின் மட்டை திரையின் உச்சியைத் தொடாது. அது சுற்றமைப்பில் நேர்ந்த குறை. ஆல்கார்ன் அதனைத் திருத்தாது விட்டார். அவ்விடைவெளியில் பந்து தப்புவதே ஆட்டத்துக்குச் சுவையாயிற்று. சுற்றுகளைப் பிழையற நடிக்கும் மென்பொருளில் அக்குறையும் தானே தோன்றும்.