ஏழு ரூபாய் நாற்பத்தேழு காசு

திருப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு பூக்காரக் கிழவி உட்கார்ந்திருப்பாள். அவளுடைய பூக்கூடையில் ஈரத் துணிக்கடியில் மல்லிகை இருக்கும். மடியில் ஒரு செல்போன் இருக்கும். சில நாட்களுக்கு முன் மாலையில் மணி அடித்து நான் வெளியே வந்தபோது, அந்தச் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏனுங்க வாத்தியாரே, காலையில அந்தக் கடையில பத்து ரூவா குடுத்து ரீசார்ஜ் பண்ணச் சொன்னனுங்க. ஏழு ரூவா நாப்பத்தேழு காசுதான் ஏறியிருக்குதுன்னு பேத்தி சொல்றா. மிச்சத்தை அந்தப் பையன் முழுங்கிட்டானுங்களா?"

கடைக்காரப் பையன் என்னுடைய பழைய மாணாக்கன். கணக்கில் அவன் செய்த பிழைகள் அநேகம். ஆனால் களவு செய்து நான் கண்டதில்லை. ஆகவே அவனுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு, மறுநாள் பதில் சொல்வதாகக் கிழவியிடம் வாய்தா கேட்டேன்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் இதையே கணக்காகப் போட்டேன். பத்து ரூபாய் ரீசார்ஜ்; சர்க்காரின் சரக்கு சேவை வரி 18 சதவீதம்; மிச்சம் எவ்வளவு? "எட்டு ரூபாய் இருபது காசு!" என்று வகுப்பே ஒரே குரலில் கூவிற்று. வகுப்பே தவறு செய்தது. பத்து ரூபாய் என்பது வரியையும் உள்ளடக்கிய விலை. வரி போடப்படுவது பத்தின் மேல் அல்ல. எந்தத் தொகையோடு அதன் 18 சதவீதத்தைச் சேர்த்தால் பத்து வருமோ, அந்தத் தொகையின் மேல். அது 8 ரூபாய் 47 காசு. ஆகவே வரி 1 ரூபாய் 53 காசு.

அப்படியானால் கிழவிக்கு இன்னும் ஒரு ரூபாய் வர வேண்டுமே? அந்த ஒரு ரூபாயில்தான் சூட்சுமம் இருக்கிறது. அது வரி அல்ல. ரீசார்ஜ் செய்து கொடுப்பதற்காகக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் கட்டணம். டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு வரம்பு கட்டியிருக்கிறது: விலையில் பத்தில் ஒரு பங்கு, அல்லது 3 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் போகக் கூடாது. இந்தக் கட்டணத்தின் மேலும் 18 சதவீத வரி உண்டு என்பது வேறு விஷயம். ஜனங்களோ இரண்டையும் சேர்த்து, "எல்லாம் சர்க்கார் வரி" என்று சொல்லிவிடுகிறார்கள். சர்க்காருக்கு ஏற்கெனவே இருக்கும் பெயர் போதாதா? கம்பெனியின் ரூபாயையும் அதன் தலையில் சுமத்துவானேன்?

இந்த வரம்பு யாருக்குச் சகாயம் செய்கிறது என்று பார்த்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பத்து ரூபாய் போடுகிறவளுக்குப் பேசக் கிடைப்பது 7.47, கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. நூறு ரூபாய் போடுகிறவருக்கு 81.75. ஆயிரம் ரூபாயாகப் போட முடிந்த புண்ணியவானுக்கு 844.46, அவருக்குப் போவது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. வரியின் விகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான். கட்டணம்தான் கை சிறியவர்களிடம் அதிக விகிதம் பிடிக்கிறது.

வரியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் ஊர்ப் பனியன் கம்பெனி முதலாளி தம் தொழிலுக்கான டெலிபோனுக்குக் கட்டும் வரியை, தாம் விற்கும் சரக்கின் மேல் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. கிழவியும் அந்தச் செல்போனில்தான் மொத்த வியாபாரியிடம் பூவின் விலை கேட்கிறாள். அவள் எதில் போய்க் கழிப்பாள்?

1994-ம் வருஷம் ஜூலை முதல் தேதி நம் தேசத்தில் சேவை வரி பிறந்தபோது, முதன்முதலில் அதில் அகப்பட்ட மூன்று இனங்களில் டெலிபோனும் ஒன்று. விகிதம் 5 சதவீதம். அப்போது டெலிபோன் வைத்திருப்பது ஓர் அந்தஸ்து. செல்போன் வந்தது அடுத்த வருஷந்தான். பிறகு வரி படிப்படியாக ஏறி, 2016-ல் 15 ஆகி, 2017 ஜூலை முதல் 18 ஆயிற்று. இடையில் சிறிது இறங்கியதும் உண்டு. வரி ஏறிய அதே காலத்தில் டெலிபோன், பெரிய வீட்டுக் கூடத்திலிருந்து பூக்கூடைக்கு இறங்கி வந்துவிட்டது.

இதற்கிடையில் மாகாண சர்க்கார்களும் சும்மா இருக்கவில்லை. டெலிபோன் சேவையைச் சரக்கு விற்பனையாகக் கருதி விற்பனை வரி கேட்டன. காற்றில் போகும் மின்காந்த அலை சரக்குதானா என்று சுப்ரீம் கோர்ட்டு வரையில் வழக்கு நடந்தது. அது சரக்கு அல்ல என்று 2006-ல் தீர்ப்பாயிற்று.

இந்தத் தேசத்துச் செல்போன் இணைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் முன்பணம் கட்டிப் பேசுகிறவை. வரி வசூலிக்க இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு உண்டா? மாதக் கடைசியில் பில் அனுப்ப வேண்டாம். பாக்கி இல்லை, ஜப்தி இல்லை. ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே வரி வந்துவிடுகிறது. பில் வருகிறவர் வரி என்ற வரியைக் கண்ணால் பார்த்து முகம் சுளிக்கவாவது முடியும். கடையில் சில்லறை நீட்டுகிறவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

அந்த வரி எந்த மாகாணத்துக்குப் போகிறது என்பதும் வேடிக்கையானது. பீஹாரிலிருந்து திருப்பூருக்கு வந்து வேலை செய்யும் வாலிபன் ஒருவன், ஊரிலுள்ள தாயாரின் செல்போனுக்குப் பணம் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஒரு கடையில் கொடுத்தால், கடை இருக்கும் இடத்தைச் சட்டம் பார்க்கிறது. மாகாணப் பங்கு தமிழ்நாட்டுக்கு. தன் கைப்போனிலிருந்தே மின்னணு முறையில் கட்டினால், கம்பெனியின் பதிவேட்டிலுள்ள தாயாரின் விலாசத்தைப் பார்க்கிறது, பங்கு பீஹாருக்கு. அவன் பாவம், தாயாரின் குரலைக் கேட்டால் போதும் என்றிருப்பான்!

பத்து ரூபாய் போட்டால் மட்டும் இப்போது காரியம் நடப்பதில்லை. 28 நாள் திட்டம் ஒன்றும் வேண்டியிருக்கிறது. 28 நாள் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டல்ல, பதின்மூன்று மாதம். 199 ரூபாய்த் திட்டமென்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தடவையும் வரி 30 ரூபாய் 36 காசு. வருஷத்தில் ஏறக்குறைய 395 ரூபாய். முப்பது நாள் திட்டம் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டுமென்று 2022-லும், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் இருக்க வேண்டுமென்று 2024 டிசம்பரிலும் டிராய் உத்தரவு போட்டது. ஆனால் இவை இருப்பது கிழவிக்கு எப்படித் தெரியும்?

வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று ரீசார்ஜ் செய்தவுடன் செய்தி அனுப்ப வேண்டுமென்பதும் விதிதான். மறுநாள் மாலை கிழவியின் செல்போனை வாங்கிப் பார்த்தேன். செய்தி ஒழுங்காக வந்திருந்தது, இங்கிலீஷில். அதை அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். சர்க்காருக்கு 1 ரூபாய் 53 காசு, கம்பெனிக்கு ஒரு ரூபாய்.

"அப்ப அந்தப் பையன் எடுக்கலீங்களா?"

"இல்லை அம்மா. அவனுக்குக் கம்பெனி தனியாகக் கமிஷன் கொடுக்கிறது. உன் பணத்தை அவன் தொடவில்லை."

"ஐயோ, நேத்து அவனைக் கண்டபடி பேசிப்புட்டனுங்களே!" என்றாள் கிழவி. கூடையிலிருந்து இரண்டு முழம் மல்லிகையை அளந்து கிள்ளிக்கொண்டு, கூடையைச் சற்றுப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டு, கடையை நோக்கி நடந்தாள்.