உப்பும் முதியோர் இருதயமும்

மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளக் களப்பும் சூழ நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. அதன்கண் அமைந்த ஊர்களுள் ஒன்று எத்தாளை. பாலாவி வழியே அங்குச் செல்வோர் கடல்நீரை வெயிலில் வற்றவிட்டு உப்பு விளைவிக்கும் அளங்களைக் காண்பர். கரையோரத்திலோ, விற்று எஞ்சிய மீன் உப்பிடப்பட்டுக் கருவாடாகக் காய்ந்துகொண்டிருக்கும். மீனைக் கெடாது காப்பதும், ஏழை வீட்டுச் சோற்றுக்குச் சுவை தருவதும் உப்பே. ஆயினும், அதே உப்பு அளவு கடந்தவிடத்து முதியோரின் இருதயத்துக்குப் பகையாகின்றது.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் முதுமொழி. உடலுக்கு உப்பு வேண்டியதே. அதனை அறவே நீக்குதல் கூடாது. ஆனால், மிகுதியாக உண்ட உப்பு உடலில் நீரைத் தேக்கி வைக்கின்றது. அதனால் இரத்தத்தின் கனவளவு பெருக, குழாய்ச் சுவர்களின் மீது அது தாக்கும் அழுத்தமும் உயர்கின்றது.

இருதயம் ஏறத்தாழ ஒருவரின் கைமுட்டி அளவினதே. அஃது ஒரு நாளில் சுமார் 1 இலட்சம் முறை துடிக்கின்றது; ஓய்ந்திருக்கும்போதும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தத்தை வெளியே செலுத்துகின்றது. இளமையில் இரத்தக் குழாய்கள் நெகிழ்ந்து கொடுக்கும். வயது ஏற ஏற அவை விறைப்படைகின்றன. விறைத்த குழாய்களினூடே உயர்ந்த அழுத்தத்துடன் இரத்தத்தைச் செலுத்தும் இருதயத்தின் தசை, நாளடைவில் தடித்துத் தளர்ந்து போகின்றது. மூளையும் சிறுநீரகமும் அவ்வாறே ஊறுபடுகின்றன.

இந்நோயின் கொடுமை யாதெனில், அது பெரும்பாலும் எவ்வித வலியும் காட்டுவதில்லை என்பதே. தோணி தள்ளுகின்றவரும், தோட்டத்துக்கு நீர் இறைக்கின்றவரும் தமக்கு ஒரு குறையும் இல்லையென நம்பியிருப்பர். அளந்தாலன்றி அதனை அறிய இயலாது. கையிலே பட்டை கட்டி அழுத்தத்தை அளக்கும் முறையை 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரொச்சி வகுத்தார். 1905இல் உருசிய மருத்துவர் கொரொட்கொவ், நாடியின் ஒலியைக் கேட்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அறியும் வழியைக் காட்டினார். மருத்துவ நிலையத்தில் மீண்டும் மீண்டும் அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் காணப்படின், அதனை உயர் இரத்த அழுத்தம் என்பர். இலங்கையின் அரசு மருத்துவமனைகளில் இச்சோதனைக்குக் கட்டணம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கின்றது. அது ஒரு தேக்கரண்டி அளவு. கறியில் இடும் உப்பு மட்டுமன்றி, கருவாடு, ஊறுகாய், அப்பளம், கடைப் பலகாரம் ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பும் இக்கணக்கிலே சேரும். கருவாட்டை நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிக் கழுவிச் சமைத்தால் உப்பு ஓரளவு குறையும். அக்கறிக்கு மேலும் உப்பிடாது, தேசிக்காய், புளி, மிளகு ஆகியவற்றால் சுவை கூட்டலாம். சோற்றிலே உப்பிட்டுப் பிசையும் வழக்கத்தையும் விடுதல் நன்று. சில வாரங்களில் நா அச்சுவைக்குப் பழகிவிடும். இவற்றுடன் புகையிலையை நீக்குதலும், நாள்தோறும் இயன்ற அளவு நடத்தலும் இருதயத்துக்கு உறுதி பயக்கும்.

மருத்துவர் தந்த மாத்திரையைச் சிலர், உடல் நலமாயிருக்கின்றது என்று எண்ணித் தாமே நிறுத்திவிடுகின்றனர். அழுத்தம் தணிந்திருப்பது பெரும்பாலும் அம்மாத்திரையின் பயனே. அதனை நிறுத்தினால் மீண்டும் ஏறும். மருத்துவரைக் கேளாது நிறுத்துதல் தகாது.

நெஞ்சில் பாரம், இடக்கை அல்லது தாடை வரை பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் என்பன மாரடைப்பின் அறிகுறிகள். முதியோருக்கும் நீரிழிவு உடையோருக்கும் வலியே இன்றிக் களைப்பும் மூச்சுத் திணறலும் மட்டுமே தோன்றுதலும் உண்டு. இதனை வாயு என்று கருதி, கசாயம் காய்ச்சிக் கொடுத்து விடியும்வரை காத்திருத்தல் உயிருக்கே இடராகும். அடைபட்ட குழாயினால் இரத்தம் பெறாத இருதயத் தசை நிமிடந்தோறும் மடிந்துகொண்டிருக்கும். நோயாளியை நடக்கவிடாது அமரச் செய்து, 1990 என்ற எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். 2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த இந்த நோயாளர் வண்டிச் சேவைக்குக் கட்டணம் இல்லை.

ஆகவே, வீட்டு முதியோரை ஒருமுறை அழைத்துச் சென்று இரத்த அழுத்தத்தை அளப்பித்து, அவ்வெண்களைக் குறித்து வைத்தல் பிள்ளைகள் இவ்வாரமே செய்யத்தக்க கடமையாகும்.