வேலி இல்லாத வீடு

சின்னத்திரைக் குடும்பங்கள் – 12

ஃபிலடெல்பியாவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள், நடுவே ஒரு வேலி. இந்தப் பக்கம் மேத்யூஸ் குடும்பத்தின் பதினோரு வயதுப் பையன் கோரி. அந்தப் பக்கம் தோட்ட வேலையில் மூழ்கியிருக்கும் முதியவர் ஜார்ஜ் ஃபீனி. பகலில் அவர்தான் கோரியின் வகுப்பாசிரியர். காலையில் வகுப்பில் வாங்கிய திட்டு, மாலையில் வேலியோரப் பேச்சாக மாறும். அப்பாவிடம் சொல்ல முடியாததைக் கோரி அங்கேதான் சொல்வான்.

1993 செப்டம்பர் 24 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பாய் மீட்ஸ் வேர்ல்டு’ தொடரின் உயிர் அந்த வேலியில் இருந்தது. அமெரிக்கக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை இரவில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த நகைச்சுவைத் தொடர்களில் இதுவும் ஒன்று. 7 சீசன்கள், 158 எபிசோடுகள் ஓடி, 2000 மே 5 அன்று முடிந்தது. ஆறாம் வகுப்பில் தொடங்கிய கோரி (பென் சாவேஜ்) பள்ளியும் கல்லூரியும் கடந்து, சிறுவயதுத் தோழி டொபாங்காவை (டேனியல் ஃபிஷெல்) கைப்பிடிக்கும் வரை கதை நீண்டது. ஃபீனியும் கூடவே வந்தார். ஆறாம் வகுப்பு ஆசிரியராக இருந்தவர் அடுத்து அவர்களுடைய உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார், கடைசியில் அவர்கள் படித்த கல்லூரியிலேயே பேராசிரியர். நடைமுறையில் நடக்காத காரியம்தான். ஆனால், தங்களுக்குப் பிடித்த வாத்தியார் கடைசிவரை கூட வரவேண்டும் என்று பார்த்தவர்கள் விரும்பினார்கள்.

கடைசி எபிசோடில் டொபாங்காவுக்கு நியூயார்க்கில் ஒரு சட்ட நிறுவனத்தில் வாய்ப்பு கிடைக்கிறது. மூட்டை கட்டும் முன் கோரி, டொபாங்கா, நண்பன் ஷான் (ரைடர் ஸ்ட்ராங்), அண்ணன் எரிக் (வில் ஃப்ரீடில்) நால்வரும் பழைய வகுப்பறைக்கு வந்து ஃபீனியிடம் விடைபெறுகிறார்கள். எல்லோரும் போன பிறகு காலி வகுப்பறையில் அவர் தனியே நிற்கும் காட்சி, அந்தத் தலைமுறைக்கு இன்றும் தொண்டையை அடைக்கும்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2014 ஜூன் 27 அன்று, டிஸ்னி சேனலில் அடுத்த தலைமுறை வந்தது. மூலத் தொடரை உருவாக்கிய மைக்கேல் ஜேக்கப்ஸும் ஏப்ரல் கெல்லியும்தான் ‘கேர்ள் மீட்ஸ் வேர்ல்டு’க்கும் சொந்தக்காரர்கள். கோரி, டொபாங்கா வேடங்களில் அதே நடிகர்கள். அவர்களுடைய மகள் ரைலி (ரோவன் பிளான்சார்ட்) ஏழாம் வகுப்பு படிக்கிறாள். உயிர்த்தோழி மாயா ஹார்ட் (சப்ரினா கார்பென்டர்). கோரி இப்போது வரலாற்று ஆசிரியர், அதுவும் சொந்த மகளின் வகுப்பிலேயே.

பள்ளிகளின் பெயர்களில்கூட வம்சாவளி ஓடுகிறது. கோரி படித்தது ஜான் ஆடம்ஸ் உயர்நிலைப் பள்ளி. அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியின் பெயர் அது. ஃபீனியாக நடித்த வில்லியம் டேனியல்ஸ், ‘1776’ என்ற இசை நாடகத்தில் 1969இல் பிராட்வே மேடையிலும் 1972இல் திரைப்படத்திலும் ஜான் ஆடம்ஸாக நடித்துப் பெயர் வாங்கியவர். ரைலி படிப்பதோ ஜான் குவின்சி ஆடம்ஸ் நடுநிலைப் பள்ளியில். இவர் ஆறாவது ஜனாதிபதி, ஜான் ஆடம்ஸின் மகன். 1976இல் வந்த ‘தி ஆடம்ஸ் கிரானிக்கிள்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் அந்த மகனாகவும் டேனியல்ஸ் நடித்திருக்கிறார். மூன்றாவது சீசனில் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது அந்தப் பள்ளிக்கு ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெயிலின் பெயர். இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்கள், புதிய தொடரின் ஆதாரச் சிக்கலையும் உணராமல் இருந்திருக்க முடியாது.

சிக்கல் இதுதான்: ஃபீனி கோரியின் அப்பா அல்ல. அப்பா ஆலன் வேறு, வாத்தியார் வேறு. ஒருவரிடம் கோபித்துக்கொண்டால் இன்னொருவரிடம் போகலாம். ரைலிக்கு அந்த வசதி இல்லை. வீட்டில் அப்பா, வகுப்பில் அப்பா. முதல் சீசனில் வாரம் தவறாமல் நடப்பது இது: ரைலிக்கு வீட்டிலோ நட்பிலோ ஒரு பிரச்சினை, மறுநாள் கோரி கரும்பலகையில் எழுதும் பாடம் கச்சிதமாக அதற்கே பதில். ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் அங்கும் அவரே வருகிறார். வளரும் பிள்ளைக்குப் பெற்றோரின் கண் எட்டாத ஓர் இடம் வேண்டும். அதை இந்தத் தொடர் தன் நாயகிக்குக் கொடுக்கவில்லை. ரைலியின் கதைகள் பல இடங்களில் மூச்சுமுட்டுவதற்குக் காரணம் பிளான்சார்டின் நடிப்பல்ல, கதையின் இந்த அமைப்புதான்.

மாயாவின் கதை வேறு. அப்பா விட்டுப்போன வீடு. அம்மா உணவகத்தில் பரிமாறும் வேலை செய்கிறார். முதல் எபிசோடிலேயே மாயா வீட்டுப்பாடத்துக்கு எதிராக வகுப்பைக் கிளப்பிவிடுகிறாள். கடைசியில் வெளிவரும் உண்மை, வீட்டில் அவளுக்குப் பாடம் சொல்லித்தர யாரும் இல்லை என்பது. ரைலியின் அறை ஜன்னல் வழியே ஏறி உள்ளே வருகிற அந்தப் பெண்ணுக்குக் கோரி அப்பா அல்ல, தோழியின் அப்பா. அதாவது, கோரிக்கு ஃபீனி எப்படியோ, அதே தூரத்தில் நிற்கும் மனிதர். வேலி இங்கே இருக்கிறது. அதனால்தான் தொடரின் மிகச் சிறந்த காட்சிகள் மாயாவைச் சுற்றியே அமைந்தன. 2014 டிசம்பரில் விருந்தாளியாக வந்த ஷான், அந்தப் பெண்ணிடம் தன் சிறுவயதையே காண்கிறான். டிரெய்லர் வீட்டில், இருப்பார்களோ மாட்டார்களோ என்று சொல்ல முடியாத பெற்றோரிடம் வளர்ந்தவன் அவன். மூன்றாவது சீசனில் மாயாவின் அம்மாவையே அவன் மணக்கும்போது, இரண்டு தலைமுறையின் கைவிடப்பட்ட பிள்ளைகளும் ஒரே குடும்பமாகிறார்கள். இது எழுத்தாளர்களின் உண்மையான சாதனை.

வெளியாள் வந்தால் கதைக்குக் காற்று வருகிறது என்பதற்கு இன்னொரு சான்று, பைக்கில் வந்திறங்கும் புதிய ஆங்கில ஆசிரியை ஹார்ப்பர். இலக்கியப் பாடத்துக்குப் பேட்மேன் படக்கதையைக் கையில் எடுக்கிறார், நிர்வாகம் முறைக்கிறது. பழைய தொடரில் இதே பாணியில் படக்கதையை வைத்துப் பாடம் நடத்திய டர்னர் வாத்தியார், இப்போது கல்வித்துறை மேலதிகாரியாக வந்து அவருக்குத் துணை நிற்கிறார். இரண்டாவது சீசனில் படிப்பாளிப் பையன் ஃபார்க்கிளுக்கு ஆட்டிசம் இருக்குமோ என்ற கேள்வி எழும் எபிசோடும் குறிப்பிட வேண்டியது. அவனுக்கு இல்லை. அவனோடு எப்போதும் போட்டியிடும் ஸ்மாக்கிள், தனக்கு ஆஸ்பெர்கர் இருப்பதை நண்பர்களிடம் சொல்கிறாள். அவளைப் பரிதாபத்துக்குரியவளாகக் காட்டாமல் அந்தக் காட்சி நகர்கிறது.

ஆனால், டிஸ்னி சேனல் குழந்தைகளின் சேனல். மூலத் தொடர் பெரியவர்களும் பார்க்கும் நேரத்தில் ஒளிபரப்பானதால் மது, பாலுறவு, மரணம் எல்லாவற்றையும் தொட முடிந்தது. பிற்பாடு அதை மறுஒளிபரப்பு செய்த டிஸ்னி சேனல் மூன்று எபிசோடுகளைக் காட்டாமலே விட்டுவிட்டது. தாய்த்தொடரையே முழுதாக அனுமதிக்காத இடத்தில்தான் மகள் வளர வேண்டியிருந்தது. பழைய ரசிகர்களுக்கு அப்போது முப்பது வயதையொட்டி இருக்கும். அவர்கள் தேடி வந்தது ஒன்று, சேனலின் பத்து வயதுப் பார்வையாளர்கள் எதிர்பார்த்தது வேறு. சிறந்த குழந்தைகள் நிகழ்ச்சிக்கான எம்மி விருதுக்கு 2015இல் தொடர் பரிந்துரைக்கப்பட்டபோதும் அந்த இழுபறி தீரவில்லை.

72 எபிசோடுகளுடன் 2017 ஜனவரி 20 அன்று தொடர் முடிந்தது. நெட்ஃபிளிக்ஸ் எடுத்து நடத்தட்டும் என்று ரசிகர்கள் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கடைசி எபிசோடில் டொபாங்காவுக்கு லண்டன் அலுவலகத்தில் பொறுப்பு தேடி வருகிறது. 2000இல் கிளம்பிப் போனவர்கள் இந்த முறை நியூயார்க்கிலேயே தங்க முடிவெடுக்கிறார்கள்.

இந்தத் தொடரில் நடந்த இன்னொரு தலைமுறை மாற்றம் திரையில் தெரியாதது. டேனியல் ஃபிஷெல் பன்னிரண்டு வயதில் டொபாங்காவாகப் படப்பிடிப்புத் தளத்துக்கு வந்தவர். ‘கேர்ள் மீட்ஸ் வேர்ல்டு’வில் நடித்துக்கொண்டே சில எபிசோடுகளை இயக்கவும் செய்தார். ரைடர் ஸ்ட்ராங்கும் தம் அண்ணனோடு சேர்ந்து இயக்கினார். மாயாவாக நடித்த சப்ரினா கார்பென்டர் இன்று கிராமி விருது வாங்கிய பாப் நட்சத்திரம்.

ஃபிஷெல் இயக்குநர் நாற்காலியை அதன் பிறகு விடவில்லை. ரைலியின் கதை முடிந்த ஆறே மாதத்தில், 2017 ஜூலையில், அதே டிஸ்னி சேனல் இன்னொரு பழைய வீட்டைத் திறந்தது. விவாகரத்தான தாய், இரட்டைக் குழந்தைகள், அம்மாவின் எதிர்காலம் பார்க்கும் சக்தி மகனுக்கும் வந்துசேருவது எனத் தொடங்கிய ‘ரேவன்ஸ் ஹோம்’. அதிலும் சில எபிசோடுகளை இயக்கியவர் ஃபிஷெல். அந்த வீட்டில் நாயகியே தாய், அப்பாவோ வேறு இடத்தில். பெற்றோரின் கண் எட்டாத இடம் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)